மூளையில் குப்பை அள்ளுவது யார்?

உங்கள் வீட்டில் யாருக்காவது பி.பி. இருக்கிறதா? டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில், தொண்டையில் யாரோ இறகால் வருடுகிற மாதிரி ஒரு வறட்டு இருமல் வந்ததா? சளி இல்லை, ஜுரம் இல்லை. ராத்திரி படுத்தால் மட்டும் 'லொக்கு லொக்கு'. மிளகு ரசம், பனங்கற்கண்டுப் பால், சித்தரத்தை... எதற்கும் மசியாத இருமல்!

தாம்பரம் வட்டாரத்தில் இருமல் என்றாலே மனசு நேராக சானடோரியத்துக்குத்தான் ஓடும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பித்து, 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரி அது. ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளி, எக்ஸ்ரே பார்த்தே ஆக வேண்டும். அதில் சோம்பல் கூடாது. ஆனால் எல்லா டெஸ்ட்டும் சரியாக இருந்து, இருமல் மட்டும் நிற்கவில்லை என்றால் டாக்டர் உங்கள் மருந்துச் சீட்டை இன்னொரு தடவை பார்ப்பார். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிகிற பெயர் இருந்தால், "இதை நிறுத்திட்டு வேற ஒண்ணு எழுதித் தரேன்" என்பார். சில வாரங்களில் இருமல் போயே போச்சு!

இதில் என்ன மாயம்? நம் உடம்பில் 'ஏ.சி.இ.' என்று ஒரு என்ஸைம் உண்டு. ஒரு குட்டிக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி பி.பி.யை ஏற்றுகிற பொருளைத் தயாரிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 'ப்ரில்' மாத்திரை அந்தக் கத்தரிக்கோலைக் கட்டிப் போடுகிறது, பி.பி. இறங்குகிறது. ஆனால் அதே கத்தரிக்கோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 'பிராடிகைனின்', 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இரண்டு நுண்பொருள்களை வெட்டிப் போடும் வேலை. வெட்ட ஆளில்லாமல் போனால் அவை மூச்சுக் குழாயில் சேர்ந்து நரம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். அதுதான் அந்த இருமல்!

ஒரு பொருள் உடம்பில் சுரந்தால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்து எடுக்கவும் வேண்டும். மூச்சுக் குழாயில் துடைக்காவிட்டால் இருமல். மூளையில் துடைக்காவிட்டால்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

குட்டிக் குட்டிக் கடிதங்கள்

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வது ரசாயனங்கள் மூலமாக. அதில் ஒரு வகைக்கு 'நியூரோபெப்டைடு' என்று பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற புரோட்டீனை உடைத்தால் கிடைப்பது அமினோ அமிலம். மணி கோக்கிற மாதிரி அந்த அமினோ அமிலங்களைக் கொஞ்சமாகக் கோத்தால் பெப்டைடு. புரோட்டீன் என்பது நீளமான மாலை. பெப்டைடு துண்டு மாலை. அவ்வளவுதான்.

வலியைக் குறைக்கிற 'என்கெஃபலின்' வெறும் ஐந்து மணி. பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பதிலும் வேலை செய்கிற 'ஆக்ஸிடோசின்' ஒன்பது மணி. வலியை மூளைக்குச் சொல்லி அனுப்புகிற 'சப்ஸ்டன்ஸ் பி' பதினொரு மணி. பசியைத் தூண்டுகிற 'நியூரோபெப்டைடு ஒய்' முப்பத்தாறு மணி.

இதில் சப்ஸ்டன்ஸ் பி-தான் சீனியர். லண்டனில் வான் ஆய்லர், காடம் என்ற இரு விஞ்ஞானிகள் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் அதைக் கண்டுபிடித்தது 1931-ல். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு முதன்முதலாக எலெக்ட்ரிக் ட்ரெய்ன் ஓடிய அதே வருஷம்! ஆனால் அதில் எந்தெந்த மணி எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. 1971-ல்தான் அமெரிக்காவில் சூசன் லீமன் குழு அதை எழுதி முடித்தது. என்கெஃபலினை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது 1975-ல்.

சோடா பாட்டிலும் பால் கவரும்

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளையில் 'செரடோனின்' என்ற ரசாயனம் வேலை முடிந்ததும், அனுப்பிய செல்லே அதைத் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். மறுபடி நிரப்பி மறுபடி அனுப்பும். அந்த உறிஞ்சலைத்தான் மாத்திரை தடுக்கிறது. கோலி சோடா மாதிரி: குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடையிலேயே திருப்பித் தந்துவிடுகிறோம், அவர் கழுவி மறுபடி நிரப்புகிறார்.

பெப்டைடு அப்படியும் திரும்பிப் போகுமா? அதுதான் இல்லை! இது பால் கவர் சமாசாரம். ஒரு தடவை உபயோகம், அதோடு சரி. செல்லின் நடு உடம்பில் தயாராகி, பொட்டலமாகக் கட்டப்பட்டு, நரம்பு இழை வழியாக நெடுந்தூரம் பயணம் செய்து வெளியே கொட்டப்படுகிறது. அனுப்பிய செல் அதை உறிஞ்சி எடுத்து மறுபடி பொட்டலம் கட்டுவதில்லை. அப்படியானால் கொட்டியதெல்லாம் என்ன ஆகிறது? மூன்று வழியில் காலியாகிறது.

ஒன்று: கத்தரிக்கோல்காரர்கள்

மூளை செல்களின் வெளிச்சுவரில் என்ஸைம்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. 'நெப்ரிலைசின்' அதில் முக்கியமான ஆசாமி. என்கெஃபலின், சப்ஸ்டன்ஸ் பி எது அகப்பட்டாலும் இடையில் நறுக்கிவிடும். நறுக்கிய துண்டுக்குச் செய்தி சொல்லும் சக்தி கிடையாது. கடைசியில் மிஞ்சுகிற தனித்தனி அமினோ அமிலங்களைப் பக்கத்துச் செல்கள் எடுத்துக்கொள்ளும். வீண் என்பதே இல்லை.

இந்த நெப்ரிலைசின் உங்களுக்கு அந்நியமும் இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், உப்பு சர்க்கரைக் கரைசலோடு சில சமயம் டாக்டர் 'ரேஸிகாடோட்ரில்' பவுடர் எழுதித் தருகிறார் அல்லவா? அது குடலில் இருக்கும் நெப்ரிலைசினைத்தான் கட்டிப் போடுகிறது. என்கெஃபலின் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்குகிறது, குடலில் தண்ணீர் சுரப்பது குறைகிறது.

'இன்சுலினை உடைக்கும் என்ஸைம்' என்று இன்னொரு கத்தரிக்கோலும் உண்டு. பெயரே சொல்கிறது, அது இன்சுலினை வெட்டும் என்று. மூளையில் வேறு ஒன்றையும் வெட்டும். என்ன என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு: விழுங்குகிறவர்கள்

பெப்டைடு வந்து உட்காருவதற்கு எதிர்ச் செல்லின் சுவரில் ஒரு 'நாற்காலி' இருக்கும். சப்ஸ்டன்ஸ் பி அதில் உட்கார்ந்ததும் செல் ஒரு காரியம் செய்கிறது. நாற்காலியோடு சேர்த்து ஆசாமியையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது! உள்ளே ஒரு சிறு பையில் வைத்து பெப்டைடைச் சிதைத்துவிட்டு, நாற்காலியை மட்டும் மறுபடி வாசலில் கொண்டு வந்து போடுகிறது. 1995-ல் எலியின் தண்டுவடத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தார்கள். வலி உண்டாக்கிய சில நிமிடங்களிலேயே நாற்காலிகள் உள்ளே போய்விட்டன.

இது போக, மூளையில் 'மைக்ரோகிளியா' என்ற செல்கள் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ட குப்பையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே அமிலப் பையில் கரைப்பதுதான் அவற்றின் வேலை. நட்சத்திர வடிவத்தில் இருக்கும் 'ஆஸ்ட்ரோசைட்' செல்களும் துணைக்கு உண்டு.

மூன்று: மழைநீர்க் கால்வாய்

வெட்டியும் விழுங்கியும் மீந்ததை என்ன செய்வது? தண்ணீர் விட்டு அலச வேண்டியதுதான். மூளையைச் சுற்றி சுமார் 150 மில்லி திரவம் இருக்கிறது. தினமும் அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதாவது ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர். ரத்தக் குழாயை ஒட்டிய இடுக்குகள் வழியாக இந்தத் திரவம் மூளைக்குள் புகுந்து அலசிக்கொண்டு போகிறது, அதற்கு ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதத்தில் தண்ணீர்க் கதவுகள் இருக்கின்றன என்று 2012-ல் மைக்கன் நெடர்கார்டு குழு எலிகளில் காட்டியது. இன்னும் கொஞ்சம் குப்பையை ரத்தக் குழாயின் சுவரே பிடித்து ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது.

கால்வாய் அடைத்தால் என்ன ஆகும் என்று முடிச்சூர், வரதராஜபுரம் வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரை மறக்க முடியுமா?

குப்பை மேடாகும்போது...

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மூளையில் 'அமிலாய்டு பீட்டா' என்று ஒரு பெப்டைடு உண்டாகிறது. 40 அல்லது 42 மணி கோத்த துண்டு. உங்களுக்கும் எனக்கும், பச்சைக் குழந்தைக்கும்கூட அது உண்டாகிறது. அன்றன்றைக்குக் காலியாகியும் விடுகிறது. அதை வெட்டுவது யார் தெரியுமா? அதே நெப்ரிலைசின்! கூடவே, மேலே பாக்கி வைத்தோமே, அந்த இன்சுலினை உடைக்கும் என்ஸைம்! ஜப்பானின் ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்தில் நெப்ரிலைசின் இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மூளையில் அமிலாய்டு ஏறியிருந்தது. 2001-ல் வெளியான முடிவு இது.

துடைப்பது மந்தமானால் இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகி, செல்களுக்கு நடுவே படிந்துவிடும். படிந்ததைக் கத்தரிக்கோலால் லேசில் வெட்ட முடியாது. பெருங்குடி குப்பை மேட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தினம் ஒரு வண்டி என்று சதுப்பு நிலத்தில் கொட்டியது மலையான பிறகு, தோண்டிப் பிரித்தெடுக்கக் கோடிக்கணக்கில் செலவு!

அல்ஜைமர் என்ற மறதி நோயில் மூளையில் காணப்படும் படிவு இதுதான். அமிலாய்டு அதிகமாகச் சுரப்பதால் வருகிறதா, துடைப்பது குறைவதால் வருகிறதா என்று ரொம்ப நாள் விவாதம். 2010-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 12 நோயாளிகளையும், நோயில்லாத 12 பேரையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். உற்பத்தி இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் துடைப்பது, நோயில்லாதவர்களுக்கு மணிக்கு 7.6 சதவிகிதம், நோயாளிகளுக்கு 5.3 சதவிகிதம். அதாவது வயசான காலத்தில் வருகிற சாதாரண அல்ஜைமரில் கோளாறு ஃபாக்டரியில் இல்லை, துப்புரவில்!

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமிலாய்டு மட்டுமே முழுக் கதை இல்லை. 'டௌ' என்ற புரோட்டீன் செல்லுக்குள்ளே முறுக்கிக்கொள்வது, மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் கெடுவது, இவையும் சேர்ந்துதான் மறதியை முற்ற வைக்கின்றன. அமிலாய்டு படிந்திருந்தும் புத்தி தெளிவாக இருக்கிற தாத்தா பாட்டிகள் நிறையப் பேர் உண்டு.

நம் பக்கத்தில் எப்படி?

'இதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்று நினைக்காதீர்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிற திருப்போரூரிலேயே 60 வயது தாண்டிய 750 பேரை நேரில் பார்த்து ஆய்வு செய்து, 1997-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 3.5 பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அல்ஜைமர் அதில் ஒரு வகை. 2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கு 60 வயதுக்கு மேல் 7.4 சதவிகிதம், சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. இரண்டு ஆய்வும் செய்த முறை வேறு என்பதால் ஒன்றோடொன்று வைத்து, 'இரட்டிப்பாகிவிட்டது' என்று சொல்லக் கூடாது. ஆனால் நம் தெருவிலும் இருக்கிறது என்பது நிச்சயம்.

இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை? "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

"ஏம்மா, எனக்குக் காபி தரவே மாட்டியா?"

"இப்பத்தானே அத்தை குடிச்சீங்க?"

"யாரு? நானா? பொய் சொல்லாதே!"

இந்த உரையாடல் என்றைக்கோ ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. தினமும் நடந்தால், மருமகளின் மேல் பழி போடுகிற மாமியார் என்று முடிவு கட்டாதீர்கள். குடித்த காபி மூளையில் பதியவே இல்லை என்றால் அத்தைக்கு அது பொய்யாகத்தானே தெரியும்? சண்டை போட வேண்டிய நேரமில்லை அது, டாக்டரிடம் போக வேண்டிய நேரம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம். சாவி எதற்கு என்பதே மறந்தால், பழகின தெருவில் வழி தவறினால், காசு எண்ணத் தடுமாறினால், சமையல் வரிசை குழம்பினால் தள்ளிப் போடாதீர்கள்.

தூக்கம் துடைக்குமா?

தூங்கும் எலியின் மூளையில் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 60 சதவிகிதம் விரிகிறது, அலசல் வேகமாகிறது என்று 2013-ல் நெடர்கார்டு குழு சொன்னது. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எலி ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. விஞ்ஞானிகளின் வழக்கு முடியவில்லை. மனிதர்களில்? 2018-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஒரு ராத்திரி முழுக்க விழிக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் சில பகுதிகளில் அமிலாய்டு அளவு சுமார் 5 சதவிகிதம் கூடியிருந்தது.

அதற்காக மெப்ஸிலும் ஓ.எம்.ஆர். கம்பெனிகளிலும் நைட் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பதற வேண்டாம். ஒரு ராத்திரிக் கணக்கை வைத்து, பின்னால் நோய் வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் பகலில் அவர்கள் தூங்கும்போது ஜன்னலுக்கு கனமான திரை போட்டு, மிக்ஸியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் புண்ணியம்!

மருந்து இருக்கிறதா?

படிந்த அமிலாய்டைப் பிடித்து அகற்றும் 'லெகனமாப்' ஊசிக்கு அமெரிக்கா 2023-ல் முழு அனுமதி தந்தது. 1,795 பேரிடம் சோதித்ததில், 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவிகிதம் குறைந்தது. கவனியுங்கள், வேகம்தான் குறைந்தது. போன ஞாபகம் திரும்பவில்லை. ஆரம்ப நிலைக்கு மட்டும்தான். சிலருக்கு மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வந்ததால் அடிக்கடி ஸ்கேன் வேறு. குப்பை மேடான பிறகு தோண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதுவே சாட்சி.

நீங்கள் கேட்கக்கூடியவை

இதய பலவீனத்துக்கு அப்பா 'சாகுபிட்ரில்' கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். அது நெப்ரிலைசினைத் தடுக்கும் என்கிறார்களே, மறதி வருமா?

நியாயமான பயம். டாக்டர்களுக்கே இருந்த பயம். அதனால்தான் 592 இதய நோயாளிகளை மூன்று வருஷம் வரை கவனித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஞாபகசக்தி மற்றவர்களைவிட மோசமாகவில்லை. தானாக நிறுத்தினால் ஆபத்து இதயத்துக்கு! 'ப்ரில்' மாத்திரையும் அப்படித்தான். இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள். இருமல் இல்லாதவர்கள் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

வல்லாரை, ஞாபகசக்தி டானிக், மூளையைச் சுத்தம் செய்யும் 'டீடாக்ஸ்' பவுடர்?

வல்லாரைத் துவையல் அருமையான துவையல், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மனித மூளையிலிருந்து அமிலாய்டைத் துடைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட டானிக்கோ பவுடரோ எதுவும் இல்லை.

சுகருக்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல். ரத்தக் குழாய் கெடுவது ஒரு காரணம். இன்சுலினையும் அமிலாய்டையும் ஒரே கத்தரிக்கோல் வெட்டுவதால், ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சும்போது அமிலாய்டு கவனிப்பாரின்றிப் போகலாம் என்பது விஞ்ஞானிகளின் ஊகம்.

உங்கள் கையில் இருப்பது

2024-ல் 'லான்செட்' குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றைச் சரி செய்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பி.பி., சுகர், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடம்பு அசையாமை, பருமன், மனச்சோர்வு, தனிமை இதெல்லாம் அதில் உண்டு. பலரும் எதிர்பார்க்காத இரண்டு: காது கேளாமை, சரி செய்யாத கண் பார்வை! தாத்தாவுக்குக் காது மந்தம் என்று எல்லோரும் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறோம். மூளைக்கு வருகிற செய்தியை நாமே நிறுத்துகிறோம் என்று அர்த்தம்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து ஒரு கணக்கெடுங்கள். பி.பி. கடைசியாக எப்போது பார்த்தது? சுகர் எவ்வளவு? காது, கண் சோதித்தாயிற்றா? மறதி தெரிந்தால் பி12, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சைவக் குடும்பங்களில் பி12 குறைவு சகஜம். அதனால் வந்த தடுமாற்றத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரி செய்ய வாய்ப்பு அதிகம். குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிக்கரையோ, உங்கள் தெருக்கோடியோ, கைபிடித்து அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். போகும்போது பேசிக்கொண்டே போங்கள்.

மூளைக்குள் இருக்கிற துப்புரவுக்காரர்களுக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை, லீவும் கொடுப்பதில்லை. அவர்கள் போய்வருகிற பாதையான ரத்தக் குழாயையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோமே!